ரூபாய்க்கு நாற்பது பைசா

ஜூன் 3, செவ்வாய்

வக்கீல் திருமலை சொன்னதால் இதை எழுதுகிறேன். யாரிடம் என்ன பேசினேன், அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று தேதி போட்டு எழுதி வைக்க வேண்டுமாம். பின்னால் அவரும் படித்துப் பார்ப்பாராம். உரக் கம்பெனி கொடுத்த டைரி ஒன்று கடை மேஜையில் கிடந்தது. ஐந்து மாதத் தாள்கள் காலி.

நிலவரம் இதுதான். விருதுநகரில் முப்பத்தொரு வருஷமாக மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிறேன். மூட்டை சுமந்தவன், கடை வைத்தேன். இந்தத் தை மாதம் விலை ஏறும் என்று கடனுக்கு வாங்கிப் போட்டேன். விலை பாதியாக இறங்கிவிட்டது. இருபத்து மூன்று பேருக்கு இரண்டு கோடியே பத்து லட்சம் தர வேண்டும். இருக்கும் சரக்கையும் வர வேண்டிய பாக்கியையும் கூட்டிப் பார்த்தால் எண்பத்து நாலு லட்சம் வருகிறது. ரூபாய்க்கு நாற்பது பைசா.

"மஞ்ச நோட்டீஸ் குடுத்துருவோம் சார். கோர்ட்டு பாத்துக்கும். நீங்க பாட்டுக்கு நிம்மதியா வீட்ல இருக்கலாம்" என்றார் வக்கீல்.

வீட்டில் இருந்து என்ன செய்ய? திவால் என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தவன் இந்தக் கடைவீதியில் மறுபடி பலகை மாட்டி நான் பார்த்ததில்லை. பெரும்பாலும் ஊரைவிட்டே போய்விடுவார்கள். ஒருத்தர் மட்டும் போகவில்லை. அவரும் கடை வைக்கவில்லை. இன்னொருவர் கடையில் எடை போட்டார்.

வேறு வழி என்ன என்று கேட்டேன். கடன் கொடுத்த எல்லாரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்து, ரூபாய்க்கு இத்தனை பைசா, இத்தனை மாதத்தில் என்று ஒரே கணக்காகப் பேசி, எல்லாரும் கையெழுத்துப் போட்டால் கோர்ட்டே வேண்டாம், கடையும் நடக்கும் என்றார்.

"ஆனா இருவத்துமூணு பேரும் போடணும். இருவத்திரண்டு பத்தாது. போடாத ஒரு ஆளு போதும், உங்களக் கோர்ட்டுக்கு இழுக்க."

திரும்பும்போது மிக்சி ஜாரை ரிப்பேர் கடையில் வாங்கிக்கொண்டேன். நூற்றிருபது ரூபாய். ஜாருக்கு அடியில் இப்போதும் ஒழுகுகிறது.

ஜூன் 5, வியாழன்

வியாபாரிகள் சங்கத் தலைவர் வன்னியராஜன் அண்ணாச்சியைப் பார்த்தேன். இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு சங்கக் கட்டிடத்தில் கூட்டம் போட்டுத் தருவதாகச் சொன்னார்.

"குணசீலா, ஒண்ணு கேக்கேன். வேற சொத்து எதும் இருக்கா? மறைக்காம சொல்லு."

"வீடு வாடகை, கடை வாடகை. உங்களுக்குத் தெரியாததா அண்ணாச்சி?"

"சரி. கூட்டத்துக்கு முந்தி யாரையும் தனியாப் போய்ப் பாக்காத. எல்லாருக்கும் ஒரே பேச்சு. புரியுதா?"

புரிகிறது என்றேன்.

சாயங்காலம் பைக்கில் சாத்தூர் ரோடு வரை போய்விட்டு வந்தேன். சும்மாதான். கருவேலம் இடுப்பளவு வளர்ந்துவிட்டது. வெட்டச் சொல்ல வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

ஆறு பேரைத் தனித்தனியாகப் பார்த்தேன்.

வன்னியராஜன் அண்ணாச்சி பருப்புக் கடைக்காரர். ரசீது போட்டு விற்பவர். வத்தல் வியாபாரம் அப்படி இல்லை. எங்கள் ஆட்களில் பழையவர்கள் இன்னும் துண்டுக்குள்தான் விலை பேசுவோம். இரண்டு பேர் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டு, விரலைப் பிடித்துக் காட்டுவது. பத்துப் பேர் சுற்றி நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். நான் முன்னுக்கு வந்தது அந்தத் துண்டுக்குள். ஒரே நாளில் ஒரே சரக்கை எட்டுப் பேரிடம் எட்டு விலைக்கு வாங்கியிருக்கிறேன். எட்டுப் பேரும் தனக்குத்தான் நல்ல விலை என்று சந்தோஷமாகப் போவார்கள்.

பத்திரத்தில் நாற்பது. வெளியே, நாற்பதுக்கு மேல் ஒரு விரலுக்கு ஐந்து பைசா. இதுதான் என் கணக்கு. தங்கமாரியப்பனுக்குத்தான் பாக்கி அதிகம், நாற்பத்தெட்டு லட்சம். என் மூன்று விரலையும் முறுக்கிப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஐம்பத்தைந்தில் முடிந்தது. "மத்தவனுக்குத் தெரியக் கூடாதுய்யா" என்றார். எனக்கும் அதுதானே வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

இன்று ஒன்பது பேர். ஒரு விரல், இரண்டு விரல். பிரச்சினை இல்லை.

ஞானதுரை துண்டை எடுக்கவே இல்லை. சாத்தூரில் மசாலாப் பொடி போடுகிறான். நானும் அவனும் ஒரே கடையில் மூட்டை சுமந்தவர்கள். பதினோரு லட்சம் கைமாற்றாகக் கொடுத்திருந்தான். "நீ எம்புட்டுக் குடுக்கியோ குடு. நீ எந்திரிச்சா சரி" என்றான். நாற்பது என்றேன். தலையாட்டினான். எலுமிச்சைச் சாறு வாங்கிக் கொடுத்தான்.

ஐந்து பைசா சேர்த்துச் சொல்லியிருக்கலாம். கேட்காதவனுக்கு எதற்கு என்று தோன்றியது.

ஜூன் 10, செவ்வாய்

மோட்டார் ஓடவில்லை. தண்ணீர் இல்லை. மேலும் ஏழு பேர்.

ஜூன் 12, வியாழன்

பாக்கி ஒரே ஆள். சாக்குக்கடை சொர்ணமதி. வத்தல் கட்டச் சாக்கு வாங்கிய வகையில் ஒரு லட்சத்து எண்பதாயிரம் தர வேண்டும். பட்டியலிலேயே சிறிய தொகை என்பதால் கடைசியாக வைத்திருந்தேன்.

சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்து கோணி ஊசியால் தைத்துக்கொண்டிருந்தது.

"வாங்கண்ணாச்சி. ஒக்காருங்க. நாற்காலி கெடையாது, சாக்குதான்."

பழக்கத்தில் என் கை தோளில் கிடந்த துண்டுக்குப் போனது. பொம்பளை கையைத் துண்டுக்குள் பிடிக்க முடியுமா? கையைக் கீழே போட்டேன். அது பார்த்துவிட்டது.

"வேர்க்குதாண்ணாச்சி? இந்த வாரம் நீங்க போன கடையிலெல்லாம் துண்டு தேவப்பட்டுச்சாம். மூட்ட தூக்குற ஆளுக சொன்னாக."

"நாப்பது பைசா. ஒண்ணரை வருஷத்துல" என்றேன்.

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"ஒரு லட்சத்து எம்பதாயிரத்துக்கு யோசிக்க என்னம்மா இருக்கு?"

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னது: "எங்கப்பாவும் ஒங்ககிட்ட அப்படித்தான் கேட்டாராம்."

ஜூன் 13, வெள்ளி

வக்கீல் இதைப் படித்தால் கேட்பார். அதனால் எழுதிவிடுகிறேன். சொர்ணமதி அழகுசுந்தரத்தின் மகள். நான் முதல் நாள் எழுதினேனே, எடை போட்டவர், அவர்தான் அழகுசுந்தரம். இருபத்தோரு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு நொடித்தபோது இதே சங்கத்தில் இதே மாதிரிக் கூட்டம் நடந்தது. ரூபாய்க்கு ஐம்பது. எனக்கு மூன்று லட்சம் வர வேண்டியிருந்தது. நான் ஒருத்தன் கையெழுத்துப் போடவில்லை.

அவ்வளவுதான்.

ஜூன் 14, சனி

முடி வெட்டிக்கொண்டேன். நாற்பதைச் சொல்லி அந்தப் பெண் மசியாது. முழுசாகக் கொடுத்துவிட்டால் பேச இடமிருக்காது. சின்னத் தொகைதான். ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஜூன் 17, செவ்வாய்

ஏற்பாடு ஆயிற்று. கணக்கப்பிள்ளை சிவஞானத்திடம் கவரைக் கொடுத்தனுப்பினேன்.

"வாங்கிட்டாக மொதலாளி. எண்ணிப் பாக்கல."

"என்ன சொல்லுச்சு?"

"எதுக்குன்னு கேட்டாக. கையெழுத்துக்குன்னேன். டீ சாப்பிடுறீகளான்னாக. சாப்பிட்டேன். நல்ல டீ மொதலாளி, ஏலக்காய் போட்டு."

"ரசீது?"

"கேட்டேன். ஞாயித்துக்கெழமை தர்றேன்னாக."

என் மனைவி தமயந்தி கையில் இப்போது கண்ணாடி வளையல்தான் போட்டிருக்கிறாள். பச்சை. பாத்திரம் கழுவும்போது சத்தம் கேட்கிறது.

ஜூன் 19, வியாழன்

சாப்பிடும்போது தமயந்தி கேட்டாள்: "சாத்தூர் ரோட்டப் பத்திக் கூட்டத்துல கேட்டா என்ன சொல்லுவீக?"

"யார் கேக்கப் போறா?"

"கேட்டா?"

இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னேன்.

ஜூன் 22, ஞாயிறு

கூட்டம் பத்தரைக்கு. எல்லாரும் வந்திருந்தார்கள். சொர்ணமதி கடைசி வரிசையில், கதவோரம். சங்கத்தில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. யாரோ மின்விசிறியை அது பக்கம் திருப்பி வைத்தார்கள்.

வன்னியராஜன் அண்ணாச்சி பத்திரத்தை வாசித்தார். "ரூபாய்க்கு நாப்பது பைசா. பதினெட்டு மாசம். எல்லாருக்கும் சமம். இதத் தவிர குணசீலனுக்கு வேற சொத்து கெடையாதுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. யாருக்காச்சும் ஆட்சேபம் இருக்கா?"

ஒருவரும் பேசவில்லை. எனக்குத் தெரியும், பேச மாட்டார்கள். ஒவ்வொருத்தருக்கும் தன் விரல் தன்னோடு. தங்கமாரியப்பன் பேனாவைக்கூட எடுத்துவிட்டார். முப்பத்தொரு வருஷத் தொழிலை நினைத்துக்கொண்டேன்.

சொர்ணமதி எழுந்து வந்து மேஜையில் கவரை வைத்தது.

"எனக்கு ஆட்சேபம் இல்லண்ணாச்சி. சந்தேகம்தான். எனக்கு முழுப்பணமும் செவ்வாக்கெழமையே வந்துருச்சு. ஒரு லட்சத்து எம்பதாயிரம், அப்படியே இருக்கு. எனக்கு ரூபாய்க்கு ரூபாய். மத்தவகளுக்கு எம்புட்டுன்னு தெரிஞ்சா நல்லாருக்கும்."

மின்விசிறியில் கவரின் வாய் படபடத்தது. வன்னியராஜன் அண்ணாச்சி அதன் மேல் கையை வைத்தார்.

"தங்கமாரி, ஒனக்கு எம்புட்டு?"

"நாப்பதுதான் அண்ணாச்சி, அதான் பத்திரத்துல..."

"துண்டுக்குள்ள எம்புட்டுன்னு கேட்டேன்."

தங்கமாரியப்பன் பேனாவை மூடினார். "அம்பத்தஞ்சு."

"அம்பத்தஞ்சா!" பின்னால் ஒருத்தர் எழுந்துவிட்டார். "எனக்கு நாப்பத்தஞ்சுய்யா! அதுக்கு மேல ஒருத்தருக்கும் கெடையாதுன்னு சத்தியம் பண்ணினான்!"

"ஒமக்கு நாப்பத்தஞ்சா? என்கிட்ட அம்பதுன்னுட்டு, நீ அண்ணன் மாதிரின்னு வேற சொன்னான்."

"எனக்கும் அண்ணன் மாதிரின்னான்."

"அப்ப எத்தன அண்ணன்யா இவனுக்கு?"

சிலர் சிரித்தார்கள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரதோஷம் நாளை. அண்ணாச்சி ஒவ்வொருத்தராகக் கேட்டுக் கேட்டுத் தாளில் குறித்தார். ஞானதுரையிடம் வந்தார்.

"நாப்பது" என்றான் ஞானதுரை. "நான் எதும் கேக்கல." என்னைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்தான்.

அண்ணாச்சி கூட்டினார். இரண்டு முறை கூட்டினார்.

"நாப்பதுக்கு மேல நீ ஒத்துக்கிட்டது மட்டும் பத்தொம்பது லட்சம் வருது குணசீலா. நாப்பதோட சொத்து தீந்துச்சுன்னு எழுதிக் குடுத்திருக்க. இல்லாத பணத்துக்கு நீ விரல் பிடிக்க மாட்ட. எனக்கு ஒன்னத் தெரியும். அது எங்க இருக்கு?"

இப்படி ஒரு கணக்கு அதற்குள் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பேசினேன். மொத்தமாக யாரும் கூட்டிப் பார்ப்பார்கள் என்று நினைக்கவில்லை. துண்டை எல்லாருமாக எடுத்துவிட்டால் கீழே என்ன இருக்கும் என்று வத்தல் வியாபாரி யோசிப்பதில்லை.

சொன்னேன். சாத்தூர் ரோட்டில் அறுபது சென்ட். மைத்துனன் தவசிமுத்து பெயரில். மாசி மாதம் வாங்கியது.

"மாசியிலயா?" என்றார் தங்கமாரியப்பன். "மாசியிலதான என்கிட்ட இருவது லட்சத்துக்குச் சரக்கு எடுத்த?"

ஆமாம் என்றேன். அவரிடமும் மற்றவர்களிடமும் கடனுக்கு எடுத்ததை மதுரையில் நட்டத்துக்கு ரொக்கமாக விற்று, அந்தப் பணத்தில் இடத்தை வாங்கினேன். விலை இறங்குவது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதையும் சொன்னேன். ஆரம்பித்த பிறகு நிறுத்துவது சிரமமாக இருந்தது.

அடிக்க வருவார்கள் என்று நினைத்தேன். யாரும் வரவில்லை. எட்டு நாள் கொடுத்தார்கள். இடத்தை விற்றுப் பணம் சங்கத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் அவர்களே கோர்ட்டுக்குப் போவார்கள், போலீசுக்கும் போவார்கள். அண்ணாச்சி பத்திரத்தை நாலாகக் கிழித்தார்.

வீட்டில் சாம்பாரும் அவரைக்காயும். சாப்பிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

வக்கீலுக்குப் போன் செய்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "டைரில எழுதாதீங்க" என்றார். எழுதிவிட்டேன் என்றேன்.

ஜூன் 24, செவ்வாய்

அன்று பாதிதான் எழுதினேன், அழகுசுந்தரம் விஷயத்தை.

நான் கையெழுத்துப் போடாததால் அவர் என் கடைக்கு வந்தார். ஒரு லட்சம் மனைவி நகை, இரண்டு லட்சம் எங்கேயோ புரட்டியது. மொத்தம் மூன்று. பின் வாசல் வழியாகக் கொடுத்தார். பிறகு கையெழுத்துப் போட்டேன். மற்ற எல்லாருக்கும் ஐம்பது, எனக்கு மட்டும் நூறு. அதை வெளியே சொன்னது யார் என்று அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாராம். நான்தான் சொன்னேன். டீக்கடையில் வைத்து, பெருமைக்கு. ஒரு வாரத்தில் மற்றவர்கள் ஒப்பந்தத்தை உடைத்தார்கள். அவர் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது பதினைந்து வயது இருக்கும்.

மோட்டாரைச் சரிசெய்ய ஆள் வந்தான். கண்டன்சர் போயிருக்கிறதாம்.

ஜூன் 26, வியாழன்

தவசிமுத்து கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறான். "எம் பேர்ல இருக்கு அத்தான், அப்ப அது என்னுது. நாளைக்குப் போலீசு எம் வீட்டுக்குத்தான வரும்? அதுக்குக் கூலி வேண்டாமா?" பதினைந்து சென்ட் கேட்கிறான். நான் சொல்லிக் கொடுத்த வியாபாரம்தான். கோபம் வரவில்லை. வர வேண்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.

ஜூன் 27, வெள்ளி

தமயந்தி தம்பி வீட்டுக்குத் தனியாகப் போனாள். காலை ஒன்பதுக்குப் போய் மதியம் ஒன்றரைக்கு வந்தாள்.

"திங்கக்கெழமை பதிவாபீசுக்கு வருவான்."

"என்ன சொன்ன?"

"அவன் கல்யாணத்துக்கு நான் போட்ட நகையில ஆரம்பிச்சேன். முடிக்கவே விடல."

"எத்தன சென்ட் கேட்டான்?"

"ஒண்ணுமில்ல." சொம்பில் தண்ணீர் குடித்தாள். "இனிமே நம்ம வீட்டுக்கு வர மாட்டான். அதான் வெல."

ஜூன் 30, திங்கள்

பத்திரப்பதிவு முடிந்தது. இடத்தை வாங்கியது தங்கமாரியப்பன்தான். நாற்பத்தைந்து லட்சம் கேட்டேன், நாற்பத்து நாலுக்கு முடித்தார். பணம் நேராகச் சங்கத்துக்குப் போனது. தவசிமுத்து கைநாட்டு மையைத் துடைத்துவிட்டு அக்காவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

நாற்பதோடு இதையும் சேர்த்தால் ரூபாய்க்கு அறுபத்தொரு பைசா. சொர்ணமதி திருப்பிய கவரையும் சேர்த்துப் பார்த்தேன். அது ஒரு பைசாகூட முழுசாக வரவில்லை.

ஜூலை 3, வியாழன்

மறுபடி சங்கம். புதுப் பத்திரம். அறுபத்தொன்று, எல்லாருக்கும், பதினெட்டு மாதம். இருபத்தொன்று உடனே, நாற்பது தவணையில். ஒவ்வொரு மாதமும் என் கணக்கு நோட்டை அண்ணாச்சி பார்ப்பார். கடை என்னிடமே இருக்கும்.

"இத வாயால சொல்லு" என்றார் அண்ணாச்சி. "எல்லாருக்கும் கேக்குற மாதிரி."

எழுந்து சொன்னேன். அறுபத்தொன்று. பின்னால் கேட்கவில்லை என்றார் ஒருவர். மறுபடி சொன்னேன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு விலையை இத்தனை பேர் முன்னால் சத்தமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை.

கையெழுத்துப் போட்டார்கள். ஞானதுரை போட்டுவிட்டு டீக்குக்கூட நிற்காமல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். சொர்ணமதி மட்டும் பத்திரத்தை முதல் வரியிலிருந்து வாசித்தது. மூன்று பக்கம். அது வாசிக்கும்வரை இருபத்தொரு பேர் காத்திருந்தார்கள். தங்கமாரியப்பன் கொட்டாவி விட்டார். அந்தப் பெண் போடாமல் எழுந்தால் எல்லாம் முடிந்தது. எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது, ஒரே மாதிரி உட்கார்ந்ததால் இருக்கும்.

போட்டது.

மாடிப்படியில் எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டேன்.

"அம்மா, ஒங்கப்பா விஷயத்துல நான் அன்னைக்கு..."

திரும்பிப் பார்க்கவில்லை. "படியில தண்ணி கெடக்கு. பாத்து எறங்குங்க" என்றது.

ஜூலை 5, சனி

நேற்று எழுதவில்லை. வியாழன் மதியம் சங்கத்திலிருந்து வந்து படுத்தவன் வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குத்தான் எழுந்திருக்கிறேன். தமயந்தி எழுப்பவில்லை. மூச்சு வருகிறதா என்று இரண்டு தடவை மூக்கில் கைவைத்துப் பார்த்தாளாம். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஒரு மாதமாக அவள் சிரித்து நான் கேட்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

குளித்துவிட்டுக் கடைக்குப் போகும்போது மணி ஒன்று. பூட்டியிருக்கும் என்று சாவியைக் கையில் எடுத்துக்கொண்டே போனேன். திறந்திருந்தது. சிவஞானம் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஒரு மூட்டை போயிருக்கு மொதலாளி. ரொக்கம்."

"யாரு?"

"அருப்புக்கோட்டைக்காரரு. புது ஆளு. நம்ம சேதி எதும் தெரியாமத்தான் வந்தாரு."

உட்கார்ந்தேன். பணத்தை மேஜையில் வைத்தார். எண்ணினேன், சரியாக இருந்தது.

"நீரு சொன்னீரா?"

"சொன்னேன் மொதலாளி. ரூபாய்க்கு அறுவத்தொண்ணு வரைக்கும் சொன்னேன்." துணியை உதறி ஆணியில் மாட்டினார். "சொன்ன பொறவுதான் பையிலருந்து பணத்த எடுத்தாரு."